அப்பாவின் கால் அளவு

ஸ்வாமிநாதனின் இடது முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆறடி உயரம், வளைத்துப் பழக்கமில்லாத முதுகு. புனே ஹடப்சர் ஃப்ளாட்டின் பார்க்கிங்கில், அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காருக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக இருந்தார்.

"இழுத்தா வராது சாப். நீங்களாதான் மடக்கணும்," என்றார் இஸ்மாயில்.

போபோடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் இஸ்மாயில். அவர் தகப்பனார் காலத்திலிருந்து இந்தக் காருக்கு அந்த ஷெட்தான். சின்னப் பையனாகத் தகப்பனாரோடு, இந்தக் கார் ஓடிய பந்தயத்துக்கும் போயிருந்தவர்.

அறுபத்து நாலில் நடந்த மலைப்பாதைப் பந்தயம். அதில் அப்பா வாங்கிய கோப்பை ஹாலில் இருக்கிறது. மேலே படம்: காரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் அப்பா, கோட்டில் ஒரு தூசி இல்லை, கையில் கோப்பை. அதன்பிறகு அப்பா காரைத் தொடவில்லை. யாரையும் அதில் உட்காரவும் விடவில்லை. ஜெயித்ததோடு விட்ட பெருந்தன்மை என்று ஸ்வாமிநாதன் எல்லோரிடமும் சொல்வார். அம்மா, கார்ப் பேச்சு எடுத்தாலே அடுக்களைக்குள் போய்விடுவாள். இருவரும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். இன்று நாலு மணிக்கு அதை நடத்தும் சங்கத்திலிருந்து சோதிக்க வருகிறார்கள். கார் செய்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் அப்பாவின் பெயர் சங்கத்தின் பித்தளைத் தகட்டில் ஏறும்.

இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டறை மொத்தமே பத்தொன்பது செய்த கார். குன்னூரில் எஸ்டேட் வைத்திருந்த அம்மாவின் அப்பா, கல்யாணச் சீராகக் கப்பலில் வரவழைத்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. மேலே கையால் தட்டிய அலுமினியத் தகடு. எடை நடுவில் விழ வேண்டுமென்று எஞ்சினைப் பின்னால் தள்ளியதால் சீட்டை நகர்த்த இடமில்லை. ஆகவே ஓட்டுபவரின் கால் அளவை முன்கூட்டியே வாங்கி, பெடல்களை அதற்கேற்பக் கூட்டோடு பற்றவைத்துவிடுவார்கள். தையல்காரர் சட்டை தைப்பதுபோல என்று ஸ்வாமிநாதன் சங்கத்தில் பலமுறை பெருமைப்பட்டிருக்கிறார். அந்தச் சட்டைதான் இப்போது அவரை விடமாட்டேன் என்றது.

அப்பாவும் ஆறடி. ஆகவே பெடலை யாரோ பின்னாளில் நகர்த்தியிருக்கிறார்கள். அது போபோடி ஷெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். இஸ்மாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எங்கப்பா காரைப் பத்தி நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டாம் பாய்."

இஸ்மாயில் ஸ்பேனரைத் துடைத்தார்.

சீட்டு மெத்தையை எடுத்துவிடலாம் என்றான் மகன் ஹர்ஷா. எடுத்தார்கள். வெறும் தகட்டில் உட்கார்ந்த ஸ்வாமிநாதனுக்குச் சாலைக்குப் பதில் பானெட் மட்டும் தெரிந்தது. முழங்கால் இன்னும் மேலே வந்து ஹார்னில் அழுந்தியது. ஹார்ன் நிற்கவில்லை. நாலாவது மாடி வரை ஜன்னல்கள் திறந்தன. வாட்ச்மேன் ஓடிவந்தார். இஸ்மாயில் ஒரு வயரைப் பிடுங்கினார், ஹார்ன் நின்றது. பிரேக் லைட்டும் போய்விட்டது.

ஒருவழியாக அவரை வெளியே எடுத்தபோது மணி மூன்று.

"பெடலை அறுத்துத் தள்ளி வைங்கோ பாய். எங்கப்பா பேர் போற விஷயம்."

"அறுத்தாத்தான் சாப் பேர் போகும். இது கம்பெனி வெல்டிங். முத்திரை இருக்கு பாருங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். பற்றவைத்த இடத்தின்மேல் பட்டறையின் முத்திரை இருந்தது. அறுபது வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. ஸ்வாமிநாதன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மனைவி பாலாம்பாள் காப்பியோடு லிஃப்டிலிருந்து வந்தாள். ஐந்தடி இருப்பாள். இருபது வருஷம் புனே டிராஃபிக்கில் தானே காரோட்டிப் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தவள்.

"ஏன்னா, ஹார்ன் ஏன் அப்படி அலறித்து?"

வயரை மறுபடி மாட்டிய இஸ்மாயில், லைட் எரிகிறதா என்று பார்க்க, அவளைப் பிரேக்கைக் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார்.

"இதைச் செத்தப் பிடிச்சுக்கோங்கோ," என்று காப்பி டம்ளரைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மெத்தையைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் தேடாமலே பெடல்களின்மேல் போய் நின்றன. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நன்னாத்தான் இருக்கு. எனக்குன்னே அளவெடுத்தாப்ல."

ஹர்ஷா செல்போனைத் தூக்கினான். படம் என்றதும் பழக்க தோஷத்தில் ஸ்வாமிநாதன் காரை ஒட்டி நிமிர்ந்து நின்றார், கையில் டம்ளரோடு.

இஸ்மாயில் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சாப். ஜெயிச்ச உங்கம்மா கார்ல இருந்தபடியே கோப்பையை வாங்கி, இறங்கறதுக்காகக் கொஞ்சம் பிடிங்கன்னு உங்கப்பா கையில குடுத்தாங்க; அதுக்குள்ள போட்டோக்காரன் எடுத்துட்டான்."