கப்ளருக்குப் பொட்டு வைத்த கதை

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. எல்லோரும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். அண்ணன் சொல்லும்போது நான் ஹோஸுக்குப் பயந்து பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொள்கிறேன். அம்மா சொல்லும்போது அம்மாதான் காற்று டேங்கின் ‘காக்’கை (திறந்து மூடும் திருகை) மூடி ஊரையே காப்பாற்றுகிறார். அண்ணி அப்போது எங்கள் குடும்பத்துக்கு வரவே இல்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். அதனால் நானே எழுதிவிடுகிறேன். பஸ்ஸுக்கு அடியில் நான் புகவில்லை. அந்தக் ‘காக்’கை மூடியது நான்தான். நடந்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். கொழும்பில் ஒரு பெரிய கராஜில் வேலை பழகிவிட்டு வந்து, கினிகத்தேனையில் மெயின் ரோட்டோரமாக ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தேன். டயருக்குக் காற்று அடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, லொறி பஸ்களின் காற்றுக் குழாய்களைப் பழுது பார்ப்பது, இவைதான் தொழில். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவர்கள் லொறியை நிறுத்திவிட்டு, என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, “பாஸ் இல்லையா புள்ள?” என்பார்கள்.

“நான்தாங்க பாஸ்.”

“சரி சரி, அவரு எப்ப வருவாரு?”

(அப்படிக் கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் நன்றாகக் காற்று அடித்துத்தான் அனுப்பினேன். டயருக்குத்தான்.)

அந்த வயதில் எனக்குத் திமிர் அதிகம். இப்போதும் அது குறையவில்லை, ஆனால் அப்போது அதை மறைத்து வைக்கவும் தெரியாது. மற்றக் கராஜ்களில் ஹோஸைக் கம்பியால் கட்டியிருப்பதையும், குழாயின் திருகு மரையில் பொலிதீன் துண்டைச் சுற்றி முறுக்கியிருப்பதையும் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. ஹோஸுக்கு நல்ல கிளிப் போட வேண்டும், மரைக்கு டேப் சுற்ற வேண்டும், காலையில் இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், கடை மூடும்போது கம்ப்ரசர் டேங்கின் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்காதவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். எங்கள் ஊர்க் காற்றை அமுக்கினால் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விட்டுவைத்தால் டேங்க் துருப்பிடித்து, துரு ஹோஸ் வழியாக வந்து கப்ளரைக் கெடுத்துவிடும்.

கப்ளரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளை வாய்தான் கப்ளர். டயருக்குக் காற்றடிக்கும் துப்பாக்கியின் பின்முனையை, அதாவது வாலை, அதற்குள் தள்ளினால், உள்ளே இருக்கும் குட்டி இரும்புக் குண்டுகள் வாலைக் கவ்விக்கொள்ளும். வெளியே உள்ள வளையம் முன்னால் வந்து ‘டிக்’ என்று பூட்டும். வளையத்தைப் பின்னால் இழுத்தால் வால் கழன்றுவிடும், உள்ளே உள்ள சின்ன மூடி தானாகக் காற்றை அடைத்துக்கொள்ளும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அச்சு வேறு வேறாக இருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வேண்டும் என்று ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் படுத்திய பாடு அவருக்குத்தான் தெரியும்.

“எத போட்டாலும் நொழையும் தங்கச்சி.”

“நொழையும் நானா. நிக்கணுமே!”

இவ்வளவு பேசியவள்தான் அடுத்து வரும் காரியத்தைச் செய்தேன்.

சந்திரன் முதலாளி என்று ஒருவர், ஹட்டன் ரோட்டில் இரண்டு பஸ் விட்டிருந்தார். “ஆயுத பூஜைக்கு ஒன் கடைக்கு வாரேன். மொத வேலையா என் பஸ்ஸுக்குக் காத்து அடி. மனசுக்குப் புடிச்சா ரெண்டு பஸ்ஸையும் இனி நீதான் பாக்கணும்” என்று சொல்லியிருந்தார். போகிற வருகிற லொறிகளை மட்டும் நம்பி அந்தக் கடையை நடத்த முடியாது. முதலாளி வேண்டாம் என்றுவிட்டால் கடையை மூடிவிட்டுக் கொழும்புக்கே திரும்ப வேண்டியதுதான். பொம்பளைப் பிள்ளை தொடங்கிய கராஜ் எத்தனை நாளைக்கு ஓடும் என்று ஊரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் என் சொந்த அண்ணனும் இருந்தான்.

அதனால் பூஜையை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன். கினிகத்தேனையில் எந்தக் கராஜிலும் இல்லாத அளவுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பதே என் திட்டம். முதல் நாள் பின்னேரம் அம்மா சந்தனத்தூளையும் மஞ்சளையும் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தார். கம்ப்ரசர், ஜாக், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தேன்.

“சின்னச் சாமானெல்லாம் விட்டுட்டியே. அதுக்குந்தான் வைக்கணும்” என்றார் அம்மா.

கப்ளர்களைப் பார்த்தேன். வெளியே வைத்தால் எண்ணெய்க் கை பட்டுப் பொட்டு அழிந்துபோகும். அழியாத இடம் எது என்று யோசித்தேன். (யோசித்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். யோசிக்காமல் செய்ததல்ல இது.) வளையத்தை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு கப்ளரின் வாய்க்குள்ளும் விரலை விட்டுச் சந்தனத்தை அழுத்தி அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பித்தளைக்கும் சிவப்புக்கும் அவ்வளவு பொருத்தம். பார்க்க மிக அழகாக இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

மறுநாள் காலை பஸ் வந்தது, முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் மாலை போட்டு. முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். தெரிந்த டிரைவர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தோட்டத்துக் கோயில் பூசாரி ஐயா தட்டில் விபூதி, குங்குமம், அவல், கடலை எல்லாவற்றையும் பரப்பி வைத்துத் தீபம் காட்டி முடித்தார். “நல்ல நேரம் போகுது, தொடங்குங்க” என்று மணியை ஆட்டினார். அதே நேரம் பார்த்து அண்ணன் வெடியைக் கொளுத்தினான்.

நான் துப்பாக்கியின் வாலைக் கப்ளருக்குள் தள்ளினேன். உள்ளே போனது. ‘டிக்’ கேட்டதா? மணிச் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் எதுவும் கேட்கவில்லை. மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் இழுத்தும் பார்க்கவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுமாறுகிற மாதிரி தெரியக்கூடாதே என்ற வீம்பு. டேங்கின் காக்கைத் திறந்துவிட்டு வந்து டயரில் வைத்து அழுத்தினேன்.

துப்பாக்கி என் கையிலேயே இருந்தது. ஹோஸ் மட்டும் கிளம்பிவிட்டது.

வால் கழன்றதும் காற்றை அடைக்க வேண்டிய அந்தச் சின்ன மூடியும் காய்ந்த சந்தனத்தில் இறுகித் திறந்தபடியே நின்றுவிட்டது. டேங்கில் இருந்த காற்றெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. ஹோஸ் எழுந்து, வளைந்து, கம்ப்ரசரை ஒரு அடி, பஸ்ஸின் கதவை ஒரு அடி அடித்துவிட்டு, நேராகப் பூஜைத் தட்டுக்கு மேலே போய் ஆடியது. விபூதி ஒரு மேகமாக எழும்பியது. பின்னாலேயே குங்குமம் போனது. கடலை நாலு பக்கமும் தெறித்து ஆட்களின் கன்னத்தில் அடித்தது. பூசாரி ஐயா மணியைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி மட்டும் அசையாமல் அப்படியே நின்றார். அந்த வெள்ளை வேட்டி எங்கள் கண்முன்னாலேயே ரோஸ் நிறமாகிக்கொண்டிருந்தது.

ஹோஸ் கழன்றால் அதன் பின்னால் ஓடாதே, முதலில் டேங்கின் காக்கை மூடு என்பதும் என் பாடங்களில் ஒன்று. நான் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹோஸின் பின்னால் ஓடினேன். கோழியை அமுக்குவதுபோல் கவிழ்த்து அமுக்கிவிடலாம் என்று நினைப்பு. பேசின் இரண்டாகப் பிளந்ததும்தான் புத்தி வந்தது. டேங்குக்கு ஓடி மூடினேன். அம்மாவும் பக்கத்தில் வந்து கையை நீட்டினார், அது உண்மை. ஆனால் மூடிய கை என்னுடையது.

ஹோஸ் அடங்கிக் கீழே விழுந்தது. பஸ் ஜன்னலில் பூசாரி ஐயாவின் தலை தெரிந்தது.

“நான் அப்பவே நெனச்சேன். பொம்பளப் புள்ள ஆயுதத்துக்குப் பொட்டு வச்சா இப்பிடித்தான் ஆகும். இது சாமி குத்தம்!”

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கப்ளர் கெட்டால் கழற்றிப் போட்டு வேறு மாட்டலாம். சாமி குற்றம் உள்ள கடை என்று பேர் வந்துவிட்டால் அந்தப் பாதையில் ஒரு வண்டிகூட நிற்காது. அண்ணன் என் காதோரம் வந்தான்.

“ஹட்டன் நானா குடுத்த சாமான் பிழைன்னு சொல்லிரு. தப்பிச்சிரலாம்.”

அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. கீழே கிடந்த ஹோஸை எடுத்துக் கப்ளரின் வாய்க்குள் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகச் சிமெந்து மாதிரி இறுகியிருந்தது. வளையம் பாதியில் நின்றுவிட்டிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது.

“சாமி குத்தமும் இல்ல, சாமான் குத்தமும் இல்ல!” என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினேன். “பொட்டு வச்ச எடந்தான் பிழை. ஐயா, நீங்க எறங்கி வாங்க.”

அவர் இறங்க மனமில்லாமல் இறங்கினார். பெட்டியில் இருந்து பொட்டு வைக்காத புதுக் கப்ளர் ஒன்றை எடுத்து, வளையத்தை இழுத்து, அவர்முன் நீட்டினேன்.

“ஒங்க கையாலயே இதுக்குள்ள ஒரு பொட்டு வைங்க. நல்லா அழுத்தி வைங்க.”

“எதுக்கும்மா?”

“வைங்க, சொல்றேன்.”

மந்திரம் சொல்லிக்கொண்டே வைத்தார். வாலை உள்ளே தள்ளி வளையத்தை விட்டேன். அது பாதி வந்து நின்றுகொண்டது. முதலாளியிடம் கொடுத்தேன்.

“இழுத்துப் பாருங்க மொதலாளி.”

இழுத்தார். வால் கையோடு வந்துவிட்டது. குங்குமம் படிந்த முகத்தோடு பூசாரி ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னாங்க ஐயா, ஒங்க கைக்கும் பூட்டலையே?”

பூசாரி ஐயா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அதே கப்ளரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். ஹோஸில் மாற்றிப் பொருத்தி, டேப் சுற்றி முறுக்கி, வாலைத் தள்ளினேன். இந்த முறை மணியும் இல்லை, வெடியும் இல்லை. அந்த ‘டிக்’ அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பஸ்ஸின் எல்லா டயருக்கும் காற்று அடித்து முடித்தேன்.

முதலாளி டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ரெண்டு பஸ்ஸும் இங்கதான் வரும் புள்ள. ஆனா நான் வெள்ள உடுத்திட்டு வர மாட்டேன்.”

அன்றிலிருந்து டிரைவர்கள் கிண்டலாகப் ‘பொட்டு கராஜ்’ என்றார்கள். நான் பெயின்ட் வாங்கி அதையே பலகையில் பெரிதாக எழுதி, பக்கத்தில் தட்டு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டும் போட்டு மாட்டினேன். கிண்டல் செய்தவர்கள் இப்போது வழி சொல்லும்போது அந்தப் பேரைத்தான் சொல்கிறார்கள். வீட்டில் அம்மா யாருக்கு விபூதி பூச வந்தாலும் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு, “உள்ள வச்சிராதீங்கம்மா!” என்கிறான். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் ஹோஸ் ஒன்றுகூட அதற்குப் பிறகு கழன்றதில்லை.

பூஜையை நான் விடவில்லை. கப்ளர்களையெல்லாம் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, டேங்கின் நெற்றியில் மட்டும் பொட்டு வைக்கிறோம். பூசாரி ஐயாவும் வருடா வருடம் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக டேங்குக்குப் போய், காக் மூடியிருக்கிறதா என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பார்க்கிறார். பிறகு சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு, பஸ் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொல்கிறார்:

“நீங்களே வைங்க பாஸ்.”