எழுந்து நின்ற டீச்சர்

வகுப்பறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடமாகியும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. முப்பது பேரும் உட்கார்ந்தபடியே பல்லைக் காட்டினார்கள்.

அறிவியல் டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு மாதத்துக்கு இந்த வெளிநாட்டுப் பள்ளிக்கு வந்திருந்தார். இன்று முதல் நாள். சொந்தப் பள்ளியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாலு வகுப்பு எழுந்து நிற்கும்.

இவர்கள் எழுந்திருக்கும்வரை பாடமில்லை என்று அவரும் பேசாமல் நின்றார். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு சிறுமி ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்படியும் டீச்சர் உட்காராததால், இடுப்பு வலியாக்கும் என்று இன்னொருத்தி தலையணை கொண்டுவந்தாள்.

மாலையில் கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, மரியாதைன்னா கிலோ என்ன விலைன்னு கேக்கும் போல இதுங்க."

"வாயத் திறந்து சொல்லு. சும்மா மொறச்சிக்கிட்டு நின்னா எனக்கே இருபது வருஷமாப் புரியல."

மறுநாள் வாயைத் திறந்தார். "ஒருத்தர் வந்தா எழுந்து நிக்கணும். அதுதான் மரியாதை."

"அப்ப நாங்க வந்தா நீங்களும் எழுந்திருப்பீங்களா டீச்சர்?" என்றாள் கம்பிப்பல்.

"தாராளமா!" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டார்.

மாட்டிக்கொண்டார். முதல் நாள் வரவேற்புக்காகத்தான் பிள்ளைகளை முன்கூட்டியே உட்காரவைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் ஆசிரியர் தன் வகுப்பறையிலேயே இருப்பார். மணியடித்ததும் பிள்ளைகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதுவும் ஒவ்வொன்றாக.

ஒரு பீரியடுக்கு முப்பது முறை எழுந்து முப்பது முறை உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துத் திரும்பியவனுக்கு ஒன்று. பென்சில் சீவி வந்தவளுக்கு ஒன்று. மதியத்துக்குள் முட்டி இரண்டும் பேச ஆரம்பித்தன.

வாசலிலேயே நின்றுவிட்டால் எழ வேண்டியதில்லையே என்று கதவோரம் போய் நின்றார். வராந்தாவில் போன பிள்ளைகளெல்லாம், "எங்களுக்கும் நில்லுங்க டீச்சர்" என்று வரிசை கட்டினார்கள்.

அதைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். "பிள்ளைங்களுக்கு ஆசிரியரே எழுந்து நிக்கிறதா! உங்க ஊர்ப் பண்பாடே தனிங்க!"

"ஐயோ, அது எங்க வழக்கமே இல்லைங்க."

"தன்னடக்கம் வேறயா!"

திங்கட்கிழமை முதல் எல்லா ஆசிரியர்களும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆசிரியர் அறை முழுக்கத் தைல வாசனை. கணக்கு வாத்தியார் டீச்சரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் ஒவ்வொருத்தருக்காகவும் எழுந்ததில் முப்பது முகமும் டீச்சருக்கு மனப்பாடமாகிவிட்டன. யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் அழுதுவிட்டு வருகிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்தது. சொந்த ஊரில் இருபது வருடமாக அவர் பார்த்ததெல்லாம் வரிசை வரிசையாகத் தலைகள்தான்.

கடைசி நாள், பள்ளிக் காவலாளி அவர் பெட்டியை டாக்சியில் ஏற்றினார்.

"எல்லாம் தங்கமான பிள்ளைங்க அண்ணே," என்றார் டீச்சர். "ஒரே ஒரு குறைதான். கடைசிவரைக்கும் ஒண்ணுகூட எனக்காக எழுந்து நிக்கல."

காவலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன டீச்சரம்மா இப்படிச் சொல்றீங்க? போன மாசம் வரைக்கும் இங்க டீச்சர் சொல்லாம ஒரு பிள்ளை உட்காராது! உங்க ஊர்ல அதெல்லாம் பிடிக்காதுன்னு யாரோ சொல்லி, நீங்க வர்றதுக்காகவே ஒரு வாரம் உட்கார ஒத்திகை பார்த்தாங்க!"