சில்லு வைத்த வீடும் சோமசேகரத்தாரின் விரதமும்

நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், அடுத்த பிறவியில் மருதனார்மடம் சந்தையில் தராசுத் தட்டாய்ப் பிறந்து, விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை எல்லாரிடமும் ஏச்சு வாங்கக் கடவேன். சத்தியம்! அந்தக் கரவானைக் கண்ணால் கண்டவன் நான். அதிலே மோர் வாங்கிக் குடித்தவனும் நான்.

கரவான் என்றால் வேறொன்றுமில்லை, உருண்டோடச் சில்லு வைத்த வீடு. வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் மனைவியோடு அதிலே குடியிருந்து நாடெல்லாம் சுற்றி வேலை பார்த்தவர். கப்பலேறும்போது அதை விற்றுவிட்டுப் போனார். மிளகாய்க்குப் பவுனின் மதிப்பு வந்திருந்த காலம். மிளகாய்த் தோட்டக்காரர் சோமசேகரத்தார் அதை வாங்கி, தன் ட்ரக்டரில் கொழுவி இழுத்துவந்து, வளவின் பின்பக்கத்து மாமரத்தின்கீழ் நிறுத்தினார்.

உள்ளே மடிக்கிற கட்டில். காலால் மிதித்தால் தண்ணீர் துப்புகிற குழாய். இரட்டை அடுப்பு. இவை கிடக்கட்டும். விசேஷம் குளிர்ப்பெட்டிதான். அதற்குக் கரண்ட் வேண்டாம். அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே ஐஸ் கட்டும்! உடுப்பிட்டியிலிருந்து ஒரு வாத்தியார் பார்க்க வந்தார். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர், ஆடி வெயிலில் கம்பளி போர்த்துக்கொண்டு பஸ் ஏறினார்.

“மட்டம், திரி, குழாய்!” என்று வந்தவர்களுக்கெல்லாம் சோமசேகரத்தார் விளக்கம் கொடுத்தார். வண்டில் சாயாமல் நிற்கவேண்டும். சுவாலை நீலமாய் நிற்கவேண்டும். புகைக்குழாய் கரியில்லாமல் நிற்கவேண்டும். இவற்றில் ஒன்று நிற்காவிட்டால் குளிர் நின்றுவிடும்.

இந்த நேரம் பார்த்து நல்லூர்க் கொடியேற்றம் வந்தது.

கொடி ஏறினால் தேரும் தீர்த்தமும் முடியுமட்டும் வீட்டில் மீன், நண்டு என்று எந்த மச்சமும் இல்லை. அவருடைய மனைவி நாகேஸ்வரி மீன்சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றினாள். சோமசேகரத்தாருக்குத் தன் உயிரையே பரணில் ஏற்றியது போலிருந்தது. மனிதர் பால்பல்லு முளைக்கமுன்னமே நண்டுக்கால் சூப்பியவர். கத்தரிக்காயும் பூசணிக்காயும் தின்று அவர் எப்படித் தீர்த்தம்வரை உயிர்வாழ்வது?

பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளையை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“ஆழ்வார், எங்கை மச்சம் கூடாது?”

“வீட்டிலை.”

“வீட்டுக்கு அத்திவாரம் இருக்கோ?”

“ஓம்.”

“உதுக்கு என்ன இருக்கு?” என்று கரவானைக் காட்டினார்.

ஆழ்வாப்பிள்ளை குனிந்து பார்த்தார். “சில்லு இருக்கு.”

“சில்லு இருந்தால் அது வாகனம். வாகனத்துக்கு என்ன விரதம்? மினிபஸ் விரதம் பிடிக்கிறதைக் கண்டனீரோ?”

“சோமண்ணை, நீங்கள் கோட்டிலை வாதாடுற அப்புக்காத்தாய் வந்திருக்கவேண்டிய ஆள்!”

அடுக்களை மூலையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்த கொக்கத்தடி ஒன்று சற்றுநேரம் ஆடாமல் நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது. இருவரும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் சோமசேகரத்தார் முகத்தைச் சாமியார்போல வைத்துக்கொண்டார்.

“இஞ்சேரும், இந்தமுறை நான் திருவிழா முடியுமட்டும் கரவானுக்குள்ளை இருந்து தியானம் செய்யப்போறன்.”

“நீங்களோ?”

“ஏன், எனக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை. நல்லாச் செய்யுங்கோ,” என்றாள் நாகேஸ்வரி.

இவ்வளவு லேசாகச் சம்மதம் கிடைத்தால் அனுபவமுள்ள புருஷன் பயப்படவேண்டும். இவர் சந்தோஷப்பட்டார்.

குருநகர் மரியதாஸ் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். அவர் மணியடிக்காமல் பின்வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் கூடையை நீட்டினார். ஒட்டி, விளைமீன், பிடிபிடியாய் நண்டு. எல்லாம் வாழையிலையில் சுற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் போயின. நாகேஸ்வரி பின்னேரப் பூசைக்குப் போகும் நாளில் பொரிப்பதாகத் திட்டம். அதுவரை மீன் பழுதாகாமல் காப்பதுதான் தவம்.

தவந்தான்! விளக்கோ பெட்டியின் அடியில். சுவாலை நீலமோ மஞ்சளோ என்று பார்க்கவேண்டுமானால் வண்டிலின் தரையில் முகம்படக் குப்புறப் படுக்கவேண்டும். வயிறு இடம் விடாது. கைகளைத் தலைக்குமேல் நீட்டி, மூச்சை உள்ளே இழுத்து, நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்து பார்ப்பார். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

அப்படிக் கிடந்த ஒரு மாலையில் வாசலில் சத்தம் கேட்டது.

“முருகா!”

திரும்பிப் பார்த்தால் நாகேஸ்வரி. பக்கத்தில் முன்வீட்டுக் குணலட்சுமி. குணலட்சுமியின் கையில் கற்பூரத் தட்டு.

“நான் சொன்னனான் எல்லே, குணம்? மூண்டு காலமும் இப்பிடித்தான். அணையாவிளக்கு வைச்சுக் கும்பிடுறார்.”

“அண்ணை, இவ்வளவு நாளும் உங்களைச் சாப்பாட்டு ராமன் எண்டெல்லோ நினைச்சிருந்தம்!” என்று குணலட்சுமி கண்ணைத் துடைத்தாள்.

சோமசேகரத்தார் என்ன சொல்லுவார்? ‘இல்லைப் பிள்ளை, நான் நண்டுக்குக் காவல் கிடக்கிறன்’ என்றா? தவண்டு எழும்பி, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்.

அடுத்தநாள் விடிய வளவு நிறையப் பெண்கள். பூமாலை, பழம், சாம்பிராணி. ஒருத்தி பெட்டியின் கதவில் கைவைத்தாள்.

“திறக்கக்கூடாது!” சோமசேகரத்தார் பாய்ந்தார்.

“ஏன் அண்ணை?”

“உள்ளுக்கை... உள்ளுக்கை மூலஸ்தானம்.”

‘அரோகரா’ என்று வளவே அதிர்ந்தது. அவர் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

சத்தம் அடங்கியதும் நாகேஸ்வரி கைகூப்பிக்கொண்டு சொன்னாள்: “இந்த விளக்கு எங்கடை வளவுக்குள்ளை மாத்திரம் எரியிறது பாவம். நல்லூருக்கு நடந்து போற சனம் வெயிலிலை வாடுது. சந்தியிலை கொண்டுபோய் வைச்சுக் குளிர்மோர் குடுப்பம். இவர்தான் கேட்டவர்.”

“நானோ?”

“கனவிலை கதைச்சனீங்கள்.”

எல்லாரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அவருக்கு இனி இறங்க ஏணி இல்லை.

“முதலிலை கிணத்தடியிலை முழுகிப்போட்டு வாங்கோ. முழுகாமல் சுவாமியை நகர்த்தலாமோ?”

முழுகினார். தண்ணீர் தலையில் விழவிழ ஒரே யோசனை. விளக்கை ஊதி நூர்த்தால்தான் வண்டிலை இழுக்கலாம். நூர்த்தால் குளிர் போகும். குளிர் போனால் மீன் மணக்கும். விரதக்காரர் கூடிய சந்தியில், மோர்க்குடத்துக்கு நடுவில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க! சோமசேகரத்தார் குடும்பம் பிறகு எந்த முகத்தோடு கோயில் வீதியில் இறங்குவது?

ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தால் ட்ரக்டர் கொழுவியாயிற்று. பெட்டியைச் சுற்றி மாலை. மாலையைச் சுற்றிப் பெண்கள்.

மருதனார்மடம் சந்தியில் சனம் திரண்டு நின்றது. சோமசேகரத்தார் ரசமட்டம் வைத்து வண்டிலை நிமிர்த்தினார். குழாயைத் தட்டினார். திரியைக் கத்தரித்துக் கொளுத்தினார். குப்புறக் கிடந்து சுவாலை பார்த்தார். சனமும் தெருவில் விழுந்து கும்பிட்டது.

நாகேஸ்வரி மோர்ச்சட்டியோடு வந்தாள்.

“திறவுங்கோ.”

“சுவாமி... நித்திரை.”

“விடிஞ்சு எவ்வளவு நேரம்! தள்ளுங்கோ.”

அவர் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டார். கதவு திறந்த சத்தம் கேட்டது. மணமும் வந்தது, மஞ்சள் மணம். ஒரு கண்ணை மெல்லத் திறந்தார். பெட்டி கழுவித் துடைத்துப் பளிச்சென்றிருந்தது. நடுவில் ஒரு முருகன் படம். மீனுமில்லை, நண்டுமில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. மீன் எங்கே என்று நினைத்ததும் வந்ததில் பாதி மறுபடி போனது.

சனம் மோருக்கு முண்டியடித்த நேரம் பார்த்து அவளிடம் இரகசியமாய்க் கேட்டார்.

“இஞ்சேரும், உள்ளுக்கை இருந்தது எங்கை?”

“என்ன இருந்தது?”

“அது... அதுதான்.”

“வாயைத் திறந்து சொல்லுங்கோ. என்ன வைச்சனீங்கள்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாதது காணாமல் போகுமே? மோரை ஊத்துங்கோ.”

ஊற்றினார். தேர்வரை ஊற்றினார். தீர்த்தம்வரை ஊற்றினார். மட்டம் பார்த்தார், திரி கத்தரித்தார், குழாய்க்கரி தட்டினார். மத்தியானம் வாழையிலையில் பூசணிக்காய்க் கறி வந்தது. தின்றார். சனமெல்லாம் ‘தர்மவான்’ என்றது. ஆழ்வாப்பிள்ளை மட்டும் வரிசையில் நின்று, “வாகனத்துக்கு என்ன விரதம், சோமண்ணை?” என்று கேட்டு இரண்டாந்தரம் மோர் வாங்கினார்.

தீர்த்தம் முடிந்து கரவான் மாமரத்தடிக்கு வந்தது. மறுநாள் வீட்டில் பரணால் சட்டி இறங்கியது. சாப்பாட்டில் விளைமீன் கருவாட்டுக் குழம்பு. சோமசேகரத்தாரின் கண் கலங்கிவிட்டது.

“இது எங்காலை?”

“நீங்கள் வைச்ச ஒண்டுமில்லைதான். அண்டைக்கு நீங்கள் முழுகேக்கை பெண்டுகளை முன்பக்கம் அனுப்பிப்போட்டு நான் எடுத்துக் குடுக்க, மரியதாஸ் பொட்டாலை வாங்கிக்கொண்டு போய், உப்புப் போட்டுக் காயவைச்சு, இண்டைக்குக் கொண்டுவந்து தந்தவர்.”

“அப்ப நண்டு?”

“நண்டு அவருக்குக் கூலி.”

போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். திருவிழா முடிந்தது, இனி யாருக்குப் பயம்? பின்னேரமே மரியதாஸிடம் புதுநண்டு வாங்கி, கரவான் அடுப்பில் தன் கையாலேயே சமைக்கவென்று விசிலடித்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார்.

கரவானின் வெள்ளைத் தகரம் முழுக்கக் கோயில் மதில்போலக் காவியும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்திருந்தது. வாசலில் மணி தொங்கியது. குணலட்சுமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாகேஸ்! விரதம் முடிஞ்சுதெல்லே?” என்று சோமசேகரத்தார் கத்தினார்.

நாகேஸ்வரி அவர் கையிலிருந்த நண்டுக்கூடையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்கு முடிஞ்சுது. உது வீடில்லையெண்டு நீங்கள்தானே முருங்கையடிக்குக் கேக்க ஆழ்வாரண்ணைக்குச் சொன்னனீங்கள்? கோயிலிலை வருஷம் முழுக்க மச்சம் கூடாது. கெதியாய்ப் போய்த் திரியைப் பாருங்கோ, சுவாலை மஞ்சளாய் எரியுது.”

இவ்வளவுதான் கதை. ஆனால் ஒன்று. நாகேஸ்வரிக்கு இன்றைக்கும் காது வலு கூர்மை. ஆர் சொன்னது என்று ஆரும் கேட்டால் என் பேரை எடுக்கவேண்டாம். ஆழ்வாப்பிள்ளை சொன்னாரென்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இப்போது காது கேளாது. என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவார்.