மேசைக்கு ஒரு வயர் போதும்

மனிதகுலத்தின் துன்பங்களுக்கெல்லாம் ஒரே காரணம், மேசைக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட வயர்கள் கிடப்பதுதான் என்று உறுதியாக நம்பிய ஒரு மனிதரோடு நான் ஐந்து வருடம் வேலை செய்திருக்கிறேன். விலைவாசி, வயிற்றுவலி, வீட்டில் சண்டை, எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, "அது சரி தம்பி, உன்ட மேசையில எத்தின வயர்?" என்பார்.

ஒற்றை வயர் நானா என்றால்தான் மட்டக்களப்பு டவுனில் ஆட்களுக்கு விளங்கும். சொந்தப் பெயர் சம்பளத் தாளில் இருந்தது. அதை வாசித்தவர் அவர் மட்டும்தான். காத்தான்குடிக்காரர்; அங்கே அண்ணனைத்தான் நானா என்பார்கள். எங்கள் மொழிபெயர்ப்புக் கந்தோரில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் அறிக்கைகளை, எழுதியவருக்கும் விளங்காத தமிழில் மாற்றிக் கொடுப்பது எங்களுடைய வேலை. மொழிபெயர்க்க ஆறு பேர் இருந்தோம். என்னுடைய மேசை வாவியைப் பார்த்த ஜன்னல் ஓரம். ஒருமுறை குடிநீர்த் திட்ட அறிக்கை ஒன்றில், மூலத்தில் இல்லாத மூன்று கொக்குகள் என் தமிழில் வந்து இறங்கியிருந்ததற்கு அந்த ஜன்னல்தான் பொறுப்பு.

நானா வளைகுடா நாடான கட்டாரில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். பெரிய பெரிய கந்தோர்களில் மேசைக்குக் கீழே படுத்து வயர் இழுத்துக் கட்டுகிற வேலை. கட்டார் எப்படி இருந்தது என்று கேட்டால், "சப்பாத்து எல்லாம் நல்ல சப்பாத்து" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. எங்கள் கந்தோரில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். ஆகவே இங்கே அவர் கால் விரல்களால் ஆட்களைப் படித்தார். மேசைக்குக் கீழே இருந்தபடியே, "யசோ, கால் வீங்கிக் கிடக்கு, உப்பைக் குறை" என்பார். சித்தாண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற யசோ அக்கா, "என்ட புருசன் இருபது வருசமாப் பார்க்காத கால், நானா" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுச் செய்வார்.

ஒருநாள் அவர் என் மேசைக்குக் கீழே இருந்த நேரம் புதிதாக ஒரு சோடிக் கால்கள் வந்து நின்றன. "ஆரு இது? நகம் வெட்டி ஒரு மாசம் இரிக்கும் போல" என்று கீழே இருந்து குரல் வந்தது. வந்தவர், எங்களுக்கு முக்கால்வாசி வேலை தருகிற நிறுவனத்தின் பெரியவர். மேலே அவருடைய முகம் கண்ணியமாகப் புன்னகைத்தது. கீழே பத்து விரலும் நத்தை மாதிரி உள்ளே சுருண்டுவிட்டனவாம். "முகம் நல்லா நடிக்கும் தம்பி. விரலுக்கு நடிக்கத் தெரியா" என்று நானா பிறகு எனக்குப் பாடம் எடுத்தார்.

ஒற்றை வயரில் அவருக்கு எப்படிப் பிடிப்பு வந்தது என்பதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கட்டாரில் ஒருநாள் வழக்கம்போல மேசைக்குக் கீழே கிடக்கிறார். மேலே ஒருவன் லெப்டொப்பைக் கொண்டுவந்து வைத்து, ஒரே ஒரு வயரைச் சொருகுகிறான். பெரிய திரை எரிகிறது. கீபோட், மவுஸ், இன்டர்நெட் எல்லாம் உயிர் பெறுகின்றன. லெப்டொப்புக்குச் சார்ஜும் ஏறுகிறது. எல்லாம் அந்த ஒரு வயரால்.

"நான் என்ன செய்தன் எண்டு நினைக்காய்?"

"எழும்பிப் பார்த்தீங்க."

"எழும்பினன். மேசை மண்டையில இடிச்சிது. இஞ்ச தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். கந்தோரில் எல்லாரும் அந்தப் புடைப்பைத் தொட்டவர்கள்தான்.

என்னுடைய மேசையில் ஏழு வயர். சார்ஜர், திரைக்கு இரண்டு, கீபோட், மவுஸ், இன்டர்நெட், பிரிண்டர். அந்த ஏழும் சேர்ந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்த இடத்தில் நானா ஒருநாள் அரைவாசி உளுந்து வடை ஒன்றைக் கண்டெடுத்தார். அதை என்னிடம் காட்டி, "இதுக்கும் கரண்ட் போகுதா?" என்று கேட்டார்.

கந்தோருக்கு லெப்டொப் வாங்கப் போனபோதும் அவர்தான் போனார். கடைக்காரர் நிறத்தையும் எடையையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொன்றின் விலாவையும் மாட்டு வியாபாரி மாதிரித் தடவிப் பார்த்து, புது மாதிரி வேகப் போர்ட் இருக்கிறதைத்தான் எடுத்தார். அது எதற்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. "ஒரு நாளைக்கு உதவும்" என்றார். அந்த ஓட்டையில் நாங்கள் இரண்டு வருடம் தூசி சேர்த்தோம்.

பெரியகல்லாற்றில் எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்திருந்தார். சாப்பிட்ட பிறகு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் பத்துப் பேர். நானா கையைக் கட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தார். பிறகு வலைக்காரச் சம்மாட்டியின் காதில் சொன்னார்:

"ரெண்டு கயிறா? அதில ஒண்டு கூடிப்போச்சு."

சம்மாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மறுகா, மீனைக் கூப்பிட்டா தானா வருமாகா?" என்றார். நான் எங்கள் ஊரில் இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் மிஸ், அதாவது கந்தோரின் சொந்தக்காரி, ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார். சிரிக்கவில்லை.

"மேல்மாடியை வீட்டுக்காரர் திருப்பிக் கேக்கிறார். கீழ் அறையில நாலு மேசைக்குத்தான் இடம். நீங்க ஆறு பேர். எனக்கு மனசில்ல, ஆனா ரெண்டு பேரை நிப்பாட்டத்தான் வேணும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது ஆள் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம். கடைசியாக வந்து சேர்ந்தவனும், அறிக்கைக்குள் கொக்கு விட்டவனும் ஒரே ஆள் என்பதால், முதலாவது ஆளில் குழப்பம் இல்லை.

"முறை வைச்சு இருந்தா என்ன, மிஸ்?" என்றார் யசோ அக்கா.

"போன வருசம் பார்த்தம்தானே? ஒராள் எழும்பி மற்ற ஆள் இருக்க முக்கால் மணித்தியாலம். கழட்டு, பூட்டு, இது வேலை செய்யல்ல, அது எரியல்ல. அரைநாள் அதிலயே போச்சு."

நானா தொண்டையைச் செருமினார்.

"மிஸ், ஒரு வயர் எண்டா மூணு செக்கன். மேசை ஆருக்கும் சொந்தமில்ல. மேசையில ஒரு டொக் பெட்டி இரிக்கும், திரை, கீபோட் எல்லாம் அதில பூட்டிக் கிடக்கும். வாற ஆள் வயரைக் குத்திட்டு இரிக்க வேண்டியதுதான். ரெண்டு பேர் வீட்டில, நாலு பேர் இஞ்ச, மாறி மாறி. ஒருத்தரையும் நிப்பாட்டத் தேவையில்ல."

மிஸ் நாட்காட்டியைப் பார்த்தார். "புதன்கிழமை ஒன்பது மணிக்கு ஒரு மேசையில செய்து காட்டுங்க. சரி எண்டா நாலு மேசைக்கும் வாங்குவம். சரிவரல்ல எண்டா பின்னேரம் நான் ரெண்டு பேர்ட பெயரை எழுத வேணும்."

நானாவின் கட்டார்க் கூட்டாளி ஒருவர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பெட்டியைப் போட்டுவிட்டார். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு டொக். அதோடு முழ நீளத்தில் கறுப்பாய் ஒரு வயர். நானா அதை முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி வைத்திருந்தார்.

"இந்த வயர் கவனம். வாயைப் பார்த்தா எல்லா வயரும் ஒரே மாதிரித்தான் இரிக்கும். உள்ளுக்க வேற. சிலது சார்ஜ் மட்டும்தான் விடும். இது படமும் விடும், எல்லாம் விடும்."

நான் தலையாட்டினேன். நான் கவனமில்லாமல் தலையாட்டும்போது பார்ப்பதற்கு மிகவும் புத்திசாலியாக இருப்பேன்.

புதன்கிழமை காலை எட்டரை. கீழ் அறையில் மேசை, திரை, டொக் எல்லாம் தயார். மிஸ்ஸைக் கூட்டிவர நானா மேலே போய்விட்டார். அறையில் நான் மட்டும். என் போனில் மூன்று வீதச் சார்ஜ்தான் மிச்சம். ஏன் என்று கேட்கிறீர்களா? நானாவின் திட்டத்தில் நம்பிக்கை இல்லாமல், இரவும் பகலும் வேறு வேலைக்கு விளம்பரம் பார்த்ததால்தான். என்னுடைய சார்ஜ் வயர் பஸ் நிலையத்தில் வாங்கியது. இடப்பக்கம் வளைத்து, மூச்சை அடக்கிப் பிடித்தால் சார்ஜ் ஏறும். பக்கத்தில் நானாவின் வயர். அதே கறுப்பு, அதே முழ நீளம், அதே வாய். பத்து நிமிடத்துக்குத்தானே என்று டொக்கிலிருந்து கழற்றி, என் வயருக்குப் பதிலாக என் சார்ஜரில் போட்டேன்.

மாடிப்படியில் காலடி கேட்டது. அவசரத்தில் போனைப் பிடுங்கி ஒரு வயரை டொக்கில் குத்தினேன். மற்ற வயரைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளினேன். எது எது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். நானா அன்றைக்கு இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். மிஸ்ஸின் லெப்டொப்பை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். "பிஸ்மில்லா" என்று சொல்லி வயரைச் சொருகினார்.

லெப்டொப்பில் சார்ஜ் வெளிச்சம் வந்தது. பெரிய திரை கரியாக இருந்தது. கீபோட்டைத் தட்டினார். ஒன்றும் இல்லை. கழற்றிச் சொருகினார். கரிதான்.

"மூணு செக்கன் முடிஞ்சுதா, நானா?" என்றார் மிஸ். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கவலையாகச் சொன்னார்.

நானா திரையின் பட்டனை அழுத்திப் பார்த்தார். "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு மேசைக்குக் கீழே போனார்.

அந்த நேரம் பார்த்து என் கை பைக்குள் போனது. உள்ளே இருந்த வயரைத் தடவினேன். வளைத்து வளைத்து என் வயரின் கழுத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. இதில் வெடிப்பு இல்லை. மழமழவென்று இருந்தது.

வாசகர்களே, அந்த அரை நிமிடத்தில் நான் போட்ட கணக்கைப் பாருங்கள். நான்தான் மாற்றினேன் என்று சொன்னால், அந்த இடத்திலேயே மிஸ் என் பெயரை எழுதிவிடுவார். சொல்லாவிட்டால் பின்னேரம் எழுதுவார். எட்டு மணித்தியாலம் லாபம். கூடவே இன்னொரு ஆளும் போவார். அது யசோ அக்காவாகவும் இருக்கலாம். முகத்தை நன்றாக வைத்துக்கொண்டு, "கரண்ட் குறைவோ தெரியா" என்றுகூடச் சொன்னேன்.

கீழே இருந்து நானாவின் குரல், எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

"தம்பி, உன்ட பெருவிரல் ஏன் சுருளுது?"

நான் குனிந்து பார்த்தேன். என் பெருவிரல்கள் இரண்டும் நிலத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன. மேசைக்குக் கீழே நானா என் முகத்தைப் பார்த்தார், பிறகு புடைத்திருந்த என் பையைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டினார். விழுந்த பேனையை எடுக்கிறவன் போலக் குனிந்து, வயரை அந்தக் கைக்குள் வைத்தேன்.

நானா தூசியோடு எழும்பினார். "மிஸ், என்ட பிழை. வயரை மாறிக் குத்திட்டன்."

"நீங்களா?"

"ஓம் மிஸ். வயசு போகுதுதானே."

"வயரில நீங்களே பிழை விட்டா, இந்த ஆக்கள் என்ன செய்வாங்க?" மிஸ்ஸின் முகம் இறுகிவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாழ்க்கையில் ஒரு வயரையும் மாறிக் குத்தியிராத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பெருவிரல்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு அவர் சரியான வயரைச் சொருகினார். ஒன்று, இரண்டு. மூன்றுக்கு முன்னம் திரை எரிந்தது. கீபோட் எழுதியது, மவுஸ் ஓடியது, இன்டர்நெட் வந்தது. யசோ அக்கா தன் லெப்டொப்பை ஓடிப்போய் எடுத்துவந்து குத்தினார், எரிந்தது. என்னுடையதையும் குத்தினார்கள். அதில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கையும் தாண்டி எரிந்தது. பிரிண்டர் மட்டும் டொக்கோடு ஒத்துப்போக மறுத்தது. அதற்குத் தனியாக இன்னொரு வயர் போட வேண்டி வந்தது.

"அப்ப ரெண்டு வயர்" என்றார் மிஸ். ஆனால் சிரித்துவிட்டார்.

"பிரிண்டர் மேசையிட ஆள் இல்ல மிஸ். அது விருந்தாளி" என்றார் நானா. "அடுத்த மொடல் வரட்டும், அதையும் பார்ப்பம்."

அன்று பின்னேரம் மிஸ் ஒரு பெயரும் எழுதவில்லை.

வேலை விட்டு வெளியே வந்து, எதிர்த் தேநீர்க் கடையில் பிளேன்டி குடிக்கும்போது கேட்டேன். "ஏன் நானா பழியை நீங்க எடுத்தீங்க?"

அவர் ஊதி ஊதிக் குடித்தார். "எனக்கெண்டா ஒரு நாள் வெட்கம். ரெண்டு பேர் சிரிப்பாங்க, போயிரும். உனக்கெண்டா கதிரை போயிரும், மனே." பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வயர் ஒண்டு வாங்கு. பஸ் ஸ்டாண்டில வாங்காத" என்றார்.

போன வருடம் நானா வேலையை விட்டுவிட்டு ஓட்டமாவடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆறு பேரும் இங்கேதான் இருக்கிறோம், நாலு மேசையில், மாறி மாறி. ஜன்னல் இல்லாத அறை என்பதால் என் தமிழில் கொக்குகளும் குறைந்துவிட்டன. வெள்ளிக்கிழமைகளில், அவர் ஜும்ஆ முடித்துச் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அவருக்குப் போன் எடுப்பேன்.

"நானா, திரை கொஞ்சம் மங்கலாக் கிடக்கு."

அவர் சந்தோசமாக ஆரம்பிப்பார். இந்தப் பட்டனை அமத்து, அதைக் கழட்டு, பத்து வரைக்கும் எண்ணு, மறுகா குத்து. அரை மணித்தியாலம் போகும். மகள் சுகம், பேரப்பிள்ளை சுகம் எல்லாம் இடையில் வந்து போகும். கடைசியில், "இப்ப எப்படி?" என்று கேட்பார்.

"இப்ப நல்லாத் தெரியுது, நானா" என்பேன். அது முதலிலிருந்தே நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும்.