பழப்புளியில் ஊறிய தோட்டாக்கள்

பித்தளை கறுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம்மவர்களால் முடியாது. அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சுவிஸ் நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை இலங்கைப் பிரஜை இங்கே துப்பாக்கி வாங்க முடியாது. வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஊஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஒரு குறிசூட்டுச் சங்கத்தில் சேர்ந்தது. "சண்டை வேண்டாமெண்டு ஓடிவந்த மனுசன், இஞ்ச வந்து துவக்கு வாங்குறார்" என்று என் மனைவி வதனா உறவுக்காரர் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னாள்.

எங்கள் அணித் தலைவி பெயாட்ரிஸ். தபால் விநியோகிப்பவர், என் வயதுதான். அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் இலக்கே தெரியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இலையுதிர்கால இறுதிப்போட்டியில் ஒருமுறை சுட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குத் தகுதிச் சுற்றில் அணி தேற வேண்டும். அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் கெஞ்சி வாங்கினேன்.

எங்கள் அணியில் தோட்டாவை அவரவரே நிரப்புவோம். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைக்க வேண்டும். கோதைத் தேர்வதில்தான் சூட்சுமம். ஒரே கம்பனி, ஒரே தொகுதி, ஒரே நிறை. இல்லாவிட்டால் உள்ளே இடம் கூடிக் குறைந்து, குண்டு ஆளுக்கொரு திசையில் போகும். குளிர்காலம் முழுக்கச் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன்.

"என்ர தாலிக்கொடியைக்கூட நீங்கள் இப்பிடி நிறுத்துப் பாக்கேல்லை" என்றாள் வதனா.

தேர்ந்தெடுத்த கோதுகளெல்லாம் கரி பிடித்திருந்தன. துணியால் துடைத்தால் போதும், மினுக்கம் குறிக்கு உதவாது என்று பெயாட்ரிஸ் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் கறுத்த பித்தளையை எடுத்து வைப்பதா? கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் எங்கள் முறை வந்த நாளில், வாளியில் பழப்புளியைக் கரைத்து, கார்த்திகை விளக்கீட்டுக்குக் குத்துவிளக்கு துலக்குவதுபோல ஊறவைத்துத் தேய்த்தேன். பொன்னாக மின்னின.

"உள்ளுக்கையும் அலம்பினனீங்களோ?" என்று வதனா கேட்டாள்.

"ஓம், வடிவா அலம்பியாச்சு." (வெளிப்பக்கம் மட்டும்.)

தகுதிச் சுற்றன்று அந்தக் கோதுகளில் நிரப்பிய தோட்டாக்களோடு தரையில் படுத்தேன், குறிவைத்தேன், விசையை இழுத்தேன். 'டிக்.' வெடிக்காவிட்டால் துப்பாக்கியை இலக்கிலிருந்து அசைக்காமல், ஒரு கையை உயர்த்திக்கொண்டு, பொறுப்பாளர் வரும்வரை அப்படியே கிடக்க வேண்டும். கிடந்தேன். அடுத்ததும் டிக். அதற்கடுத்தது வெடித்து, இலக்கின் ஓரத்தை விசாரித்துவிட்டுப் போனது. பிறகு மறுபடி கை. கைதூக்கி வாக்களிக்கும் நாடு இது. பக்கத்து அணிக்காரர்கள் நான் ஏதோ சட்டத்தை நிறைவேற்றுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

பெயாட்ரிஸ் அன்று அபாரமாகச் சுட்டார். அணி தோற்றது.

வெடிக்காத தோட்டா ஒன்றை அவர் கழற்றினார். கோதின் அடியில், நெருப்பு உள்ளே போகும் சின்னத் துளையை ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் நெண்டி எடுத்தார். கண்ணுக்குப் பிடிபடாமல் மூக்கருகே கொண்டுபோனார்.

"இது சாப்பாடா?" என்று கேட்டார்.

"ஆமாம், புளி" என்றேன்.

துப்பாக்கியைத் துடைத்து உறையில் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று நான் தூங்கியிருப்பேன். இறுதிப்போட்டி அவர் இல்லாமலே நடந்தது.

அன்றைய கூத்தைப் பார்க்க வந்திருந்த என் மகள் ஆரணி ஒரு பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், அடுப்பு மூளாவிட்டாலும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். வதனாவும் கூடவே நிற்பாள். இன்றைக்கும் நிற்கிறார்கள்.

போன விளக்கீட்டுக்குப் பெயாட்ரிஸைக் கூப்பிட்டிருந்தோம். விளக்கேற்ற நான் உரசிய முதல் தீக்குச்சி பற்றவில்லை. இரண்டு கைகள் உயர்ந்தன.

"ஏன் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்?" என்று பெயாட்ரிஸ் கேட்டார். ஆரணி விளக்கினாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, தானும் கையை உயர்த்தினார்.

அடுத்த குச்சியில் விளக்கு பற்றியது. வதனாவும் ஆரணியும் கையை இறக்கினார்கள். பெயாட்ரிஸ் இறக்கவில்லை. விளக்கு அவர் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

"பற்றிவிட்டதா?" என்று கேட்டார்.