முக்கால் பாட்டில் ஹார்ட்னர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மானத்தை நானே கரையில் காயப்போட எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் போன வாரம் அக்கா மகள் பெனிட்டா கணக்கு நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "கணக்கு வராட்டி என்ன? மாமா ஒன்பதாவதோட நிப்பாட்டிட்டு நல்லாத்தான இருக்காரு?" என்று கேட்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம். (விவரம் தெரிந்த மனுசன்.) என்னை உதாரணம் காட்டி ஒரு பிள்ளை கெட்டுப்போகக் கூடாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சரிடம், "டீச்சர், இந்த வட்டத்துக்குள்ள மீன் நிக்குமா?" என்று கேட்டவன். "மீனும் நிக்காது, நீயும் நிக்காத, வெளிய போ" என்றார் டீச்சர். போனவன்தான்.

சில வருடம் கழித்து மச்சான் சொந்தமாக ஒரு பழைய பைபர் படகு வாங்கினார். அதுவரை அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர். எங்கள் தங்கச்சிமடத்துக் கோயில் திருவிழாவில், படகுகளை எல்லாம் தண்ணீரில் வரிசையாக நிறுத்தி, பாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த வரிசையில் முதன்முறையாகத் தன் படகும் நிற்க வேண்டும் என்று மச்சானுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

விரிசலைத் தேய்த்துத் தயார் செய்த படகு மேஸ்திரி செல்வம் அண்ணன், திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் மீதி வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவசரமாகப் புதுமடம் கிளம்பினார். "ஏலே அமலு, ரெசின் அஞ்சு கிலோ இருக்கு. கிலோவுக்கு ஒன்றரை மூடி ஹார்ட்னர ஊத்திக் கலக்கு. விரிசல் மேல பைபர் துணிய வச்சுத் தடவு. காலைக்குள்ள இறுகிரும். நான் வாரேன்."

ரெசின் தேன் மாதிரிப் பசை. ஹார்ட்னர் அதை இறுக வைக்கிற மருந்து. கரையில் எல்லாரும் பாட்டில் மூடியால்தான் அளப்பார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது. பாட்டிலில் '1.5%' என்று அச்சடித்தே இருக்கிறது, இன்னும் என்ன மூடி?

போனை எடுத்தேன். ஐயாயிரம் கிராம், பெருக்கல், புள்ளி ஒன்று ஐந்து. எழுநூற்று ஐம்பது என்று வந்தது.

(போன் சரியாகத்தான் பெருக்கியது. நான் தட்டியது பதினைந்து சதவீதம். ஒன்றரை சதவீதத்துக்கு எழுபத்தைந்துதான் வந்திருக்க வேண்டும். புள்ளியை எங்கே வைப்பது என்று போன் சொல்லித் தராது.)

ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசியை மடமடவென்று ஊற்றிக் கலக்கினேன். இரண்டாவது தடவை பிரஷை முக்கினேன். வரவில்லை. இழுத்தேன். பக்கெட்டே கூட வந்தது. தொட்டால் கை சுட்டது. பிறகு புகை கிளம்பியது. பிளாஸ்டிக் பக்கெட் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கூட்டாளி ஜெரோம் ஓடி வந்தான். "என்னல சமைக்கிற?"

"ரெசின்ல."

"எம்புட்டு ஊத்துன?"

"முக்கால் பாட்டில்."

"ஏலே கூறுகெட்டவனே! கிலோவுக்கு ஒன்றரைன்னா அஞ்சு கிலோவுக்கு ஏழரை மூடில! ஏழரை மூடி முக்கால் பாட்டிலா? இது ரொம்ப அதிகம்னு உனக்கே தெரியலயா?"

தெரியவில்லை. அதுதான் விஷயம். கணக்குப் படித்தவனுக்கு விடை வருவதற்கு முன்பே அது பெருசா சிறுசா என்று மனசு சொல்லியிருக்கும். எனக்கு எழுபத்தைந்தும் எழுநூற்று ஐம்பதும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

மச்சான் வந்தார். கல்லாகிப் போன ரெசினைப் பார்த்தார். அதில் கொடிமரம் மாதிரி நின்ற பிரஷைப் பார்த்தார்.

"கடையில வேற ரெசின் இருக்குமா மாப்ள?"

"திருவிழாவுக்குப் பூட்டிட்டாக மச்சான்."

அவர் படகின் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எல்லாப் படகும் தோரணம் கட்டித் தண்ணீரில் ஆடின. மச்சான் படகு மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கடைசியில் பாதர் மணலில் நடந்து வந்தார். "இது ஏன் இங்கன கிடக்கு?" என்று கேட்டார்.

"என் மச்சினன் கணக்குப் போட்டான் பாதர்" என்றார் மச்சான்.

பாதர் படகுக்கு ஒரு தடவையும் எனக்கு மூன்று தடவையும் தீர்த்தம் தெளித்தார்.

இன்றைக்கும் வீட்டில் குழம்புக்கு உப்புப் போட நான் கையை நீட்டினால் போதும், அக்கா கத்துவாள்: "புள்ளி எங்கன இருக்குன்னு பாத்துப் போடுல!"

இதை எழுதி முடித்து ஜெரோமுக்கு அனுப்பினேன். இதைப் படித்தாவது பெனிட்டா கணக்கு முக்கியம் என்று புரிந்துகொள்வாளா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது:

"இதுக்கு எதுக்குல இம்புட்டு எழுத்து, உன் போட்டோவ மட்டும் அனுப்பிருக்கலாம்ல?"