யாருக்கும் ஆட்சேபணை இல்லாத தகடு

ஒரு விஷயத்தில் ஊரே ஒன்றுபோல் தலையாட்டினால் சந்தோஷப்படக் கூடாது, உடனே பயப்பட வேண்டும். கல்யாணம் ஆகாத, வேலையும் நிரந்தரமாகாத ஒரு பருவத்தில், தெற்கு மாசி வீதியில் வைத்து இதை நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவை குதிரைகள்.

அப்போது மதுரையில் ஜட்கா என்கிற குதிரை வண்டிகளுக்கு உரிமம் கொடுக்கும் ஆபீஸில் நான் தற்காலிகக் குமாஸ்தா. (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.) மோட்டார் பஸ்கள் வரத் தொடங்கியிருந்தாலும், ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு ஜட்காதான் கதி. ஒவ்வொரு ஜட்காவின் பின்பக்கத்திலும் ஆபீஸ் கொடுத்த நம்பர் தகடு இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்லலாமே தவிர, படிக்க முடியாது. பெயிண்ட் உரிந்து, துருப்பிடித்து, மூன்றா எட்டா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியில் பெட்டியை மறந்து வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடி வருகிறவர்களிடம் நம்பர் என்ன என்று கேட்டால், "பழுப்பா ஒரு நம்பருங்க" என்பார்கள்.

புதிய தகடு போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் மேனேஜர் ராமலிங்கம் பிள்ளை ரொம்ப முன்ஜாக்கிரதையானவர். வெயிலிலும் குடையோடு வருவார், மழையிலும் குடையோடு வருவார், ஆபீஸுக்குள்ளும் அது அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். புதுத் தகடு வந்தபின் யாராவது புகார் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. ஆகவே தகடு எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட வேண்டும் என்றார். யாரை அனுப்புவது என்று ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் உன்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன் என்றும் சொன்னார். அன்றைக்கே எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

நான் முதலில் பச்சை நிறத்தில் ஆரம்பித்தேன். ஸ்டேஷன் வாசலில் வண்டி ஓட்டும் காதர் பாய்க்குப் பச்சை ரொம்பப் பிடித்தது. பக்கத்து வண்டிக்காரருக்கு, காதர் பாய்க்குப் பிடித்ததாலேயே பிடிக்கவில்லை. அவர் காவி கேட்டார். காவி போட்டால் பண்டாரங்கள் ஓசியில் ஏறிக்கொள்வார்கள் என்று மூன்றாவது வண்டிக்காரர் பயந்தார். கறுப்பு என்றேன். எழவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும், கல்யாணச் சவாரி ஒன்றும் கிடைக்காது என்றார்கள். சரி, மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சளைச் சொன்னேன். கடைவீதி ஜவுளி வியாபாரி ஒருவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மஞ்சள் தகடு மாட்டிய வண்டியில் அவர் ஏறிப் போவதை நாலு பேர் பார்த்தால், மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலாகிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பரவிவிடுமாம். எப்படியோ, அவருக்கு அது பழைய பயம் போலிருக்கிறது.

பாண்டிய நாட்டு வண்டிகள் ஆயிற்றே, மேலே ஒரு மீன் சின்னம் போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. வடக்கு மாசி வீதி வக்கீல் ஒருவர், தான் சுத்த சைவம், மீன் போட்ட வண்டியில் ஏற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் கிளி? கிளியைப் போட்டால் ஜோசியக்காரன் வண்டி என்று நினைப்பார்கள் என்றார் அவருடைய குமாஸ்தா. தமிழாசிரியர் ஒருவர் எண்களைத் தமிழ் எண்களாகப் போடச் சொல்லி, அவற்றின் வடிவழகை வீதியிலேயே என்னை நிறுத்தி வைத்து விளக்கினார். வண்டிக்காரர்கள் எந்த எண்ணாக இருந்தாலும் சரி, எட்டு மட்டும் வேண்டாம் என்றார்கள். எட்டு சனியின் எண்ணாம். எட்டை விட்டுவிட்டு எப்படி எண்ணுவது என்று நான் கேட்டதற்கு, "அது ஆபீஸ் பாடு" என்று சொல்லிவிட்டார்கள். உருப்படியாகப் பேசியவர் பூக்கார அம்மா ஒருவர்தான். என்ன நிறமானாலும் சரி, ஏறும்போது சேலையைக் கிழிக்காமல் இருந்தால் போதும் என்றார்.

இத்தனையையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தபோதுதான் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற கடை ஒன்று கண்ணில் பட்டது. பூசி முடித்த ஒரு தாம்பாளம் வாசலில் சாய்த்து வைத்திருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் யோசனையும் தெரிந்தது. நிறத்தால்தானே சண்டை? நிறமே இல்லாமல் செய்துவிட்டால்?

வெள்ளீயம் பூசி, மெருகேற்றி, ஓரத்தை மடித்து, எண்களை மட்டும் புடைப்பாகத் தட்டி எடுத்த ஒரு மாதிரித் தகடு தயாராயிற்று. அதை ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். அதில் பச்சை இல்லை, காவி இல்லை, கறுப்பு இல்லை, மஞ்சள் இல்லை, மீனும் கிளியும் இல்லை. சேலை கிழியாது. வண்டிக்காரர்கள் வரிசையாக வந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். ஒருவர் திருநீறு பூசிக்கொண்டார். காதர் பாய் தாடியை ஒதுக்கிக்கொண்டு, "நம்ம மூஞ்சி இம்புட்டு லட்சணமாவா இருக்கு? ஒரு பய சொல்லலையே" என்றார். ஜவுளி வியாபாரி சம்மதித்தார். வக்கீலும் சம்மதித்தார். எட்டாம் எண்ணுக்குரியவர்கூட, தகடு பளபளப்பாக இருப்பதால் சனி அதில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்று சமாதானமானார். யாருக்குமே ஆட்சேபணை இல்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஆபீஸுக்கு வந்த நாள் முதலாக அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை போலும். குடையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தட்டிக்கொடுத்தார்.

புதுத் தகடுகள் மாட்டிய ஜட்காக்கள் ஊர்வலமாகப் போக வேண்டும், ஊரார் பார்க்க வேண்டும் என்பதும் என் யோசனைதான். (அந்த வயதில் எனக்கு யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை.) மதுவிலக்குக் கூட்டங்களுக்கெல்லாம் தலைமை வகிக்கும் ஒரு பெரிய மனிதர் முதல் வண்டியில் வர ஒப்புக்கொண்டார். அதே சமயம், எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த வெள்ளைச்சாமி, பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வருவதாகச் சொல்லி அனுப்பினார். சோழவந்தானில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால். அதிகம் பேசாதவர், பார்த்தே எடை போடுகிறவர் என்று கேள்வி. அவரை ஊர்வல நாளன்றே வரவழைத்து, என் பெருமையின் உச்சியில் என்னைக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். நண்பன் ஒருவனிடம் அல்பாக்கா கோட்டு இரவல் வாங்கினேன். அது அவனுக்கே கொஞ்சம் பெரிது.

அன்று காலை கீழ மாசி வீதியில் வண்டிகள் வரிசையாக நின்றன. தகடுகளை அப்போதுதான் கூண்டின் பின்வளைவில் ஆணியடித்து மாட்டினார்கள். நாதஸ்வரம் ஒலித்தது. வெள்ளைச்சாமி ஒரு கூடை நிறையக் கொழுந்து வெற்றிலையோடு வந்து இறங்கினார். என்னையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார். அவரையும் கூடையையும் காதர் பாயின் வண்டியில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். எங்கள் வண்டி மூன்றாவது. போகும் வழியில் ஒவ்வொருவரும் என்ன கருத்துச் சொன்னார்கள், அவற்றையெல்லாம் நான் எப்படிச் சமாளித்தேன் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் வெற்றிலையைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டார்.

கீழ மாசி வீதியில் தெற்கு நோக்கிப் போனவரை எல்லாம் அழகாகத்தான் நடந்தது. ஜனங்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். விளக்குத்தூணில் ஊர்வலம் மேற்கே திரும்பி, தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்தது. காலைச் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முதல் வண்டியின் தகட்டில் விழுந்த வெயில் நேராக இரண்டாவது குதிரையின் கண்ணுக்குள் பாய்ந்தது. அது கனைத்துக்கொண்டு முன்கால்களைத் தூக்கிற்று. இரண்டாவது வண்டித் தகட்டின் வெயில் எங்கள் குதிரைக்கு வந்தது. காதர் பாயின் குதிரைக்கு ராணி என்று பெயர். மிகவும் சாது. அது வெயிலுக்கு மட்டும் பயந்திருந்தால் சமாளித்திருக்கலாம். கூசிய கண்ணை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தபோது, தகட்டுக்குள்ளிருந்து வேறொரு குதிரை தன்னை நோக்கி வருவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே நின்று, காதை விறைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குதிரைக்கு வழிவிட்டு வலப்பக்கமாகப் பாய்ந்தது. பின்னால் வந்த குதிரைகளுக்கெல்லாம் இதே அனுபவம். கண் இமைப்பதற்குள் ஊர்வலம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு வண்டி வாழைத்தார் மண்டிக்குள் போயிற்று. ஒன்று எங்களைத் தாண்டிக்கொண்டு போயிற்று, ஆனால் பின்பக்கமாக. நாதஸ்வரக்காரர் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கடைசிச் சுரத்தை விடாமல் வாசித்தார்.

மிரண்ட குதிரை கண்டபடி ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது தனக்குப் பழக்கமான இடத்துக்குத்தான் ஓடும். பின்பக்கச் சத்தத்தில் மிரண்ட முதல் வண்டிக் குதிரை, மதுவிலக்குப் பெரிய மனிதரையும் அவர் தலைப்பாகையையும் சுமந்துகொண்டு, தன் எஜமானர் தினமும் சாயங்காலம் இளைப்பாறுகிற கள்ளுக்கடை வாசலில் போய் நின்றுவிட்டதாம். அவர் அங்கே இறங்குவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டு வரவேற்றதாகவும் சொன்னார்கள்.

ராணிக்குப் பழக்கமான இடம் வைகை. தினமும் காதர் பாய் அங்கேதான் அதைக் குளிப்பாட்டுவார். தெற்கு மாசி வீதியை ஒரே ஓட்டமாக முடித்து, மேல மாசி வீதியில் வடக்கே திரும்பி, சிம்மக்கல்லை நோக்கிப் பறந்தது. வழி நெடுகச் சோழவந்தான் வெற்றிலை சிதறிக்கொண்டே வந்தது. ஜனங்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு, ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்து எங்களை வாழ்த்தினார்கள். கடிவாளத்தை இழுத்து இழுத்துக் களைத்துப்போன காதர் பாய் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எம் பேச்சைக் கேக்காது. நான் அல்லாவைக் கூப்புடுறேன், நீங்க மீனாச்சியைக் கூப்புடுங்க. யாரு மொதல்ல வந்தாலும் சரி."

நான் வெள்ளைச்சாமியின் காலைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன். அவர் ஒரு கையால் கூண்டுக் கம்பியையும் மறு கையால் என் இரவல் கோட்டின் காலரையும் பிடித்திருந்தார். கோட்டு பெரிதாக இருந்ததால் கோட்டு அவர் கையில் இருந்தது, நான் பாதி வெளியே இருந்தேன்.

வண்டி மணலில் இறங்கிற்று. பிறகு தண்ணீரில் இறங்கிற்று. முழங்கால் ஆழத்தில் ராணி நின்றது, தலையைத் தாழ்த்தியது, ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அந்த நிறுத்தலில் நான் மட்டும் நிற்காமல் வைகைக்குள் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. வேலை போயிற்று, பெண்ணும் போயிற்று, நண்பனின் கோட்டும் போயிற்று. தண்ணீர் சில்லென்று இருந்தது மட்டும்தான் ஒரே ஆறுதல். வெள்ளைச்சாமி நிதானமாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் போய் அந்தத் தகட்டைப் பார்த்தார். அதில் தன் முகத்தைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். பிறகு, அன்று காலையிலிருந்து என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசாதவர், முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஊருல அம்புட்டுப் பேருகிட்டயும் கருத்துக் கேட்டீகளே, குதிரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா மாப்ள?"

கேட்டுவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து சிரித்தார். காதர் பாயும் சேர்ந்துகொண்டார். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் நானும் சிரித்தேன். தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டேதான்.

யாருக்கும் பெரிய அடி இல்லை. சில வாழைத்தார்களும் ஒரு தலைப்பாகையும்தான் நஷ்டம். மத்தியானத்துக்குள் வண்டிக்காரர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, தகடுகளின் மேல் அச்சாணிக்குப் போடுகிற வண்டி மையை அப்பிவிட்டார்கள். ஆகக் கடைசியில் ஊர் வேண்டாம் என்ற கறுப்பு நிறமே வந்து சேர்ந்தது. நம்பர் பழையபடி யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சிபாரிசு செய்வதாகக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. நிரந்தரமாக்கி, பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டிய அவசியமில்லை என்றார்.

அடுத்த தையில் கல்யாணம். என் மனைவிக்கு அவள் அப்பா இந்தக் கதையை எனக்கு முன்பே சொல்லியிருந்தார், அதுவும் கையைக் காலை ஆட்டி. ஆகையால் எங்கள் வீட்டில் எந்த முடிவுக்கும் கடைசிக் கேள்வி அதுதான். புடவை எடுப்பதா, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, பிள்ளைக்கு இந்தப் பெயர் வைப்பதா, நான் ஏதாவது சொல்லிவிட்டு நிமிர்ந்தால், "குதிரைகிட்ட கேட்டாச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மூத்த மகளைப் பெண் பார்க்கக் கொட்டாம்பட்டியிலிருந்து வந்தார்கள். எல்லாம் பேசி முடித்து, எனக்குச் சம்மதம் என்று நான் கம்பீரமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பெண்ணும் சேர்ந்து கேட்டாள். என் மகன் வாசலிலிருந்து கேட்டான். மாப்பிள்ளையின் தகப்பனார் மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று பவ்யமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கும் அய்யனாருதான் குலசாமியா? முன்னயே சொல்லியிருந்தா குதிரைக்கு ஒரு மாலை வாங்கிட்டு வந்திருப்போம்ல."